சம்பளமா, தொடரா, திரையா, சொந்தப் பதிப்பா: எழுத்தாளர் எதை நம்பி எழுதுவது?

சென்ற ஓராண்டில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டிருக்கும் தனியார் பள்ளி ஆசிரியை. இன்னொருவர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு நாவலை முடித்துவிட வேண்டும் என்று துடிப்பவர். மூன்றாமவருக்கு ஓர் இயக்குநரின் கதை விவாதக் குழுவில் சேர அழைப்பு வந்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார். மூவரும் கேள்வியைத் 'தரமா, பணமா?' என்றே அமைத்திருந்தார்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் தரம் என்றுதான் சொல்வார்கள். ஐந்தாம் தேதி வீட்டு வாடகை கேட்கும்போது அந்தப் பதில் உதவாது. வயிற்றுப்பாட்டுக்கான பணம் எந்த வழியாக வந்தால் எழுத்தில் எது தேய்கிறது என்று கேட்டால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏதாவது கிடைக்கும்.

தமிழில் எழுதுகிறவருக்கு முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள்தாம் இருக்கின்றன. எழுத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதுவது முதல் வழி. வெகுசன இதழ்களுக்குத் தொடராக எழுதுவது இரண்டாவது. திரைப்படத்துக்குக் கதையும் வசனமும் எழுதுவது மூன்றாவது. சிற்றிதழ், சந்தா, சொந்தப் பதிப்பகம் என்று வாசகரிடமே நேராகப் போவது நான்காவது. நான் பதினெட்டு ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டு முதல் வழியில் போனவன். நடுவில் பதினொரு மாதங்கள் மூன்றாவது வழியிலும் எட்டிப் பார்த்தவன். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர் இப்போதே தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

## முதலில் ஒரு கணக்கு

புத்தகத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா என்ற கேள்வியை ஒரு சிறு கணக்கில் முடித்துவிடலாம். ஒரு நாவலின் விலை 300 ரூபாய் என்றும், வழக்கமான 10 விழுக்காடு ராயல்டி என்றும், அது 500 படிகள் விற்றது என்றும் வைத்துக்கொண்டால் எழுத்தாளருக்குக் கிடைப்பது 15,000 ரூபாய். அந்த நாவலை எழுத இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் மாதத்துக்கு 625 ரூபாய். ஒழுங்காகக் கணக்குக் காட்டி, கேட்காமலே காசோலை அனுப்பும் பதிப்பாளர் அமைந்தார் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. பொது நூலகங்களுக்காக அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் தொகை கூடும். ஆனால் நூலக ஆணையை நம்பிக் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதாக யாரும் சொல்லிவிட முடியாது.

இதையும் மீறி எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அசோகமித்திரன் 1952இல் ஜெமினி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து 1966இல் வெளியே வந்தார். பிறகு கணையாழி இலக்கிய இதழின் ஆசிரியப் பொறுப்பு, ஆங்கிலக் கட்டுரைகள் என்று பல சிறு வருமானங்களைக் கோத்துக்கொண்டு எழுத்தாளராகவே வாழ்ந்தார். அவருடைய நடையின் சிக்கனத்தை நாம் வியக்கிறோம். ஆனால் இத்தகைய வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பவர், அந்தச் சிக்கனத்தை வீட்டுக்குள் நடத்திக் காட்டப்போவது யார் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது எழுதுகிறவராக இருப்பதில்லை. எனவே 'முழுநேர எழுத்தாளர்' என்பதைத் தனி வழியாக நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு வழிகளில் ஒன்றோ இரண்டோ சேர்ந்த கலவையாகத்தான் அது எப்போதும் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்களைச் சொல்கிறேன். ஐந்துக்கும் ஒரே எடை இல்லை.

கத்திரி யார் கையில்? எழுதிய வரியை வெட்டவோ மாற்றவோ உங்களைத் தவிர வேறு யாருக்கு உரிமை இருக்கிறது என்பதே இதன் பொருள். நல்ல பதிப்பாசிரியர் காரணம் சொல்லிவிட்டு வெட்டச் சொல்வார், அது உதவி. காரணம் சொல்லாமலே வெட்டக்கூடியவர் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எழுதாமல் இருக்கும் உரிமை உண்டா? என் கணிப்பில் மற்ற நான்கையும்விட முக்கியமானது இதுதான். ஆனால் என்னிடம் கேட்ட மூவரில் ஒருவரும் இதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. அடுத்த நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. நடுவில் சில ஆண்டுகள் அவர் எதுவுமே எழுதாமல் இருந்தார். நாகர்கோவிலில் அவருக்கு ஒரு துணிக்கடை இருந்தது. இரண்டாவது நாவல் முதல் நாவலின் நிழலே படாமல் வேறொரு வடிவத்தில் வந்ததற்கு அந்தப் பதினைந்து ஆண்டுகள் ஒரு காரணம் என்றால், அந்தப் பதினைந்து ஆண்டுகளைத் தாங்கியதில் துணிக்கடைக்கும் பங்கு உண்டு. தொடர் எழுதிப் பிழைக்கிறவர் பதினைந்து வாரங்கள்கூட மௌனமாக இருக்க முடியாது.

பணம் எப்போது வரும்? எவ்வளவு வரும் என்பதைவிட எந்தத் தேதியில் வரும் என்பது வீட்டுக்கு முக்கியம்.

நடையில் என்ன படிகிறது? நாள்தோறும் செய்யும் எழுத்து எதுவாக இருந்தாலும், அதன் பழக்கம் மற்ற எழுத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

உரிமை யார் பெயரில் நிற்கிறது? இந்தியச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஆக, இன்று இடும் கையெழுத்து பேரப்பிள்ளைகள் காலம் வரை போகும்.

## வழி ஒன்று: மாதச் சம்பளமும் மிச்ச நேர எழுத்தும்

நவீனத் தமிழ் இலக்கியத்தின் கணிசமான பகுதியை அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் எழுதியவர்கள்தாம் எழுதியிருக்கிறார்கள். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராகவும் பிறகு அகில இந்திய வானொலியிலும் இருந்தார். வண்ணதாசன் வங்கியில் இருந்தார். நாஞ்சில் நாடன் நெசவாலை இயந்திரங்கள் தொடர்பான தனியார் நிறுவனத்துக்காக மும்பையிலிருந்து ஊர் ஊராகச் சுற்றினார். பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார். இவர்களில் ஒருவரும் சம்பளத்துக்காக ஒரு வாக்கியத்தைக்கூட வளைக்க வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் சம்பளம் கொடுத்தவருக்கு அந்த வாக்கியத்தில் அக்கறையே கிடையாது. இந்த வழியின் முழு வலிமையும் அந்த அக்கறையின்மையில்தான் இருக்கிறது.

எழுதாமல் இருக்கும் உரிமையும் இங்கேதான் அதிகம். 2015 சனவரியில் 'மாதொருபாகன்' நாவலைச் சுற்றி எழுந்த சர்ச்சையை அடுத்துப் பெருமாள்முருகன் எழுத்தாளராக இனி இருக்கப்போவதில்லை என்று அறிவித்தபோது அவர் அரசுக் கல்லூரி ஆசிரியர். 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை எழுத்தாளர் என்ற பெயர் இல்லாமல் இருக்க முடிந்தது. ஆசிரியர் என்ற வேலை தொடர்ந்தது. எழுத்து ஒன்றையே நம்பியவருக்கு அப்படிப்பட்ட ஓர் அறிவிப்பு பட்டினிக்கான அறிவிப்பும் ஆகியிருக்கும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத செலவுகளைப் பார்ப்போம். முதலாவது, நாளின் நல்ல மணிகள் வேலைக்குப் போய்விடுகின்றன. நான் கணக்கராக இருந்த காலத்தில் மார்ச் மாதம் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. ஆண்டிறுதிக் கணக்கு முடிந்து ஏப்ரலில் உட்கார்ந்தால் பாதியில் விட்ட கதாபாத்திரத்தின் குரல் காதில் விழாது. நாவலுக்கு இது சிறுகதையைவிடப் பெரிய நட்டம். இந்த வழி சிறுகதைக்காரர்களுக்கும் கவிஞர்களுக்கும் பொருந்துகிற அளவுக்கு ஆயிரம் பக்க நாவல் எழுதுகிறவர்களுக்குப் பொருந்துவதில்லை.

இரண்டாவது செலவு அரசு வேலையில் இருப்பவர்களுக்கானது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் எப்போதாவது செய்யும் இலக்கியப் பணிக்கு இடம் தருகின்றன. அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் வெளிப்படையாக விமர்சிக்க இடம் தருவதில்லை. விதி வெளியில் இருந்து கத்திரியை நீட்டுவதற்கு முன்பே நாமே நம் கையில் கத்திரியை எடுத்துக்கொண்டுவிடுகிறோம். அப்படி வெட்டப்பட்ட வரிகள் கைப்பிரதியில்கூட இருக்காது.

மூன்றாவதை ஆண்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. 'வேலை முடிந்து வந்து மாலையில் எழுதலாம்' என்ற அறிவுரை, மாலையில் வீட்டில் வேறு யாரோ சமைக்கிறார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த ஆசிரியை இதை எனக்கு மிகப் பணிவாகச் சுட்டிக்காட்டினார். நான் அதற்கு முன் இந்த அறிவுரையைக் குறைந்தது பத்துப் பேருக்காவது வழங்கியிருப்பேன்.

## வழி இரண்டு: வெகுசன இதழ்த் தொடர்

தொடர்கதை என்றாலே தரக்குறைவு என்று சிற்றிதழ்க்காரர்கள் நீண்டகாலம் பேசி வந்தார்கள். வரலாறு அந்தப் பேச்சுக்கு முழுவதும் ஒத்துவரவில்லை. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்த நாவல்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் எழுதப்பட்டது. அதன் அத்தியாய முடிவுகளில் வாசகரைத் தொங்கவிடும் உத்தியை யார் வேண்டுமானாலும் குறைகூறலாம், ஆனால் அந்த உத்தி இல்லாவிட்டால் அந்த நாவலே இல்லை. வடிவமும் வெளியீட்டு முறையும் அங்கே ஒன்றாகிவிட்டன. 'மோகமுள்'ளோ தொடராக வந்த சுவடே தெரியாமல் புத்தகமாக நிற்கிறது. ஒரே வழியில் போன இரண்டு நாவல்கள் இவ்வளவு வேறுபட முடியும் என்றால், வழியை மட்டும் பழிப்பதில் பொருளில்லை.

ஜெயகாந்தனின் அனுபவம் இன்னும் சுவையானது. கெடுக்கப்பட்டு வந்த மகளைத் தாய் தலையில் நீர் ஊற்றி ஏற்றுக்கொள்ளும் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த எதிர்ப்பு, ஒரு சிற்றிதழில் அதே கதை வந்திருந்தால் எழுந்திருக்காது. சிற்றிதழைப் படிக்கும் சில நூறு பேர் அந்தத் தாயின் முடிவை ரசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். எதிர்ப்பு எழுந்ததால்தான், அந்தத் தாய் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அவர் முன் நின்றது. அதுவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆயிற்று, 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. பரந்த வாசகக் கூட்டம் எழுத்தாளரைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்கள், அது எழுத்தாளரோடு மோதி அவரை அடுத்த படைப்புக்குத் தள்ளவும் கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அன்றைய ஜெயகாந்தனுக்குக் கிடைத்த மேடை இன்று அப்படியே இல்லை. கல்கி இதழே 2020இல் அச்சை நிறுத்திக்கொண்டது. எஞ்சியிருக்கும் இதழ்களில் தொடருக்கான பக்கங்கள் குறைந்துவிட்டன. கைப்பேசிச் செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவது அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. அங்கே வாசகரின் பதில் வாரம் கழித்து அஞ்சலில் வருவதில்லை, சில நிமிடங்களில் வருகிறது. நாயகி அடுத்த அத்தியாயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வாசகர்களே எழுதிவிடுகிறார்கள். கத்திரி ஓர் ஆசிரியரின் கையில் இருந்தால் அவரோடு வாதாடலாம். ஆயிரம் பேர் கையில் இருக்கும் கத்திரியோடு வாதாட முடியாது.

நடையில் படியும் பழக்கமும் இங்கே கடுமையானது. ஒவ்வொரு அத்தியாயமும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒவ்வொரு முடிவிலும் ஒரு திடுக்கிடல், முன்கதையை வாசகருக்கு நினைவூட்டும் இரண்டு வரிகள் ஆகிய இம்மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பிறகு போகாது. தொடர் முடிந்து புத்தகமாக்கும்போது மூன்றில் ஒரு பங்கை வெட்டும் துணிவு இருப்பவருக்கு மட்டுமே இந்த வழியை நான் பரிந்துரைப்பேன்.

உரிமையைப் பொறுத்தவரை இது பாதுகாப்பான வழி. வெளியிலிருந்து எழுதுகிறவர் எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை அவருடையது. இதழின் ஊழியராகவே இருந்து எழுதினாலும்கூட, இதழில் வெளியிடும் உரிமையே உரிமையாளருக்கு முதலில் சேரும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நூலாக்கும் உரிமை எழுதியவரிடம் நிற்கும்.

## வழி மூன்று: திரைப்படம்

இந்த வழியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் புதுமைப்பித்தனைத்தான் நினைவுகூர்கிறார்கள், நானும் விதிவிலக்கல்ல. தினமணியிலும் தினசரியிலும் பத்திரிகைக்காரராக இருந்தவர் 1940களின் நடுவில் திரையுலகுக்குப் போனார். 'அவ்வையார்', 'காமவல்லி' ஆகிய படங்களின் எழுத்தில் ஈடுபட்டார். பர்வதகுமாரி என்ற பெயரில் சொந்தப் படநிறுவனம் தொடங்கினார்; படம் வரவில்லை. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்காகப் புனே சென்றவர் காசநோய் முற்றிய நிலையில் திரும்பி, 1948 சூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். அப்போது அவருக்கு 42 வயது. சினிமா அவரைக் கொன்றது என்று சொல்வது மிகை, நோய் கொன்றது. ஆனால் அந்தக் கடைசி ஆண்டுகளின் உழைப்பு எந்தப் படங்களுக்குப் போனதோ அவற்றை இன்று யாரும் அவருக்காகப் பார்ப்பதில்லை. கையில் இருந்த காலத்தை எங்கே செலவழித்தார் என்பதுதான் அந்தக் கதையில் நெஞ்சை உறுத்தும் பகுதி.

இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டும் உண்டு. சுஜாதா பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளர். வெகுசன இதழ்களில் தொடர்கள். அதே சமயம் கணையாழியின் கடைசிப் பக்கம். பிறகு 'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்' என்று திரைவசனம். நான்கு வழிகளில் மூன்றிலும் ஒரே நேரத்தில் போகலாம் என்று அவர் காட்டினார். சம்பளம் பின்னால் இருந்ததால் எந்த இதழின் பேச்சையும் எந்தத் தயாரிப்பாளரின் பேச்சையும் கேட்டே ஆக வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்திருக்காது என்பது என் ஊகம். ஜெயமோகனும் தொலைபேசித் துறையில் இருந்தபடியே 2005இல் 'கஸ்தூரிமான்' வழியாகத் திரைக்குப் போனவர். படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், 2014 முதல் 2020 வரை, 'வெண்முரசு' 26 நாவல்களையும் நாள்தோறும் இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். எந்த வார இதழும் அவ்வளவு பெரிய படைப்புக்குப் பணமும் பக்கமும் கொடுத்திருக்காது.

இந்த இருவருக்கும் புதுமைப்பித்தனுக்கும் இடையே திறமையில் ஒன்றும் குறைவில்லை. இருவரும் திரைக்குள் போகும்போது நடை உறுதிப்பட்டு, பெயர் நிலைத்து, வேறொரு வருமானமும் கையில் இருந்தது. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையைக் கைவிட்டபின் போனார்.

மறைந்திருக்கும் செலவுகளை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். ஒரு கதை விவாதத்தில் பதினொரு மாதங்கள் வார இறுதி தோறும் உட்கார்ந்தேன். அட்வான்ஸ் வந்தது, இரண்டாம் தவணை படப்பிடிப்பு தொடங்கும்போது என்றார்கள், படப்பிடிப்பு தொடங்கவே இல்லை. அதில் யாரும் என்னை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை, அந்தத் தொழிலின் இயல்பே அப்படித்தான். வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. அந்த அறையில் வாய்விட்டுச் சொல்லிவிட்ட ஒரு கதையை அதன்பின் என்னால் எழுத முடியவில்லை. ஏழு பேர் ஏழு விதமாக மாற்றிப் பார்த்த கதைக்குள் திரும்பிப் போக எனக்கு வாசல் தெரியவில்லை. வசனத்தின் பழக்கமும் படிந்துவிட்டது: அடுத்த இரண்டு ஆண்டுகள் நான் எழுதிய சிறுகதைகளில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

ஒரு வேறுபாட்டை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். திரைக்கு உழைப்பை விற்பது வேறு, எழுதி முடித்த நூலின் உரிமையை விற்பது வேறு. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்த நாவல். அது 'அசுரன்' ஆனது 2019இல். நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 2002இல் 'சொல்ல மறந்த கதை' ஆயிற்று. படம் எப்படி அமைந்தாலும் நாவலின் ஒரு வரியும் மாறாது. படத்தைப் பார்த்தவர் சிலர் நாவலைத் தேடி வருவார்கள். தரத்தையும் பணத்தையும் ஒரே நேரத்தில் தரக்கூடிய ஏற்பாடு இது ஒன்றுதான். ஆனால் அதற்காகத் திட்டமிட முடியாது. 37 ஆண்டுகள் யார் காத்திருப்பது?

திரையில் எழுதுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் கொஞ்சம் உண்டு. பதிப்புரிமையை எழுத்து வடிவில், கையெழுத்துடன்தான் மாற்றித் தர முடியும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு காலக்கெடு சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் எழுதியவரின் பங்கை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. நடைமுறையில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது வேறு பேச்சு. கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைப்பதும் வீண்போகாது. 2018இல் 'சர்கார்' படத்தின் கதை குறித்த பிணக்கு, அங்கே முன்பே பதியப்பட்டிருந்த ஒரு கதையை வைத்துத்தான் எழுந்து, டைட்டில் கார்டில் நன்றியோடு முடிந்தது.

## வழி நான்கு: சிற்றிதழும் சொந்தப் பதிப்பும்

சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்தினார். புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றிய இடம் அது. அவருக்கு அதில் மிஞ்சியது கடன். கத்திரி முழுவதும் தன் கையில் இருந்தது என்பதற்கு அவர் கொடுத்த விலை அது. அதே 1959இல் வந்த அவருடைய 'வாடிவாசல்' இன்றும் மறுபதிப்பாகிக்கொண்டிருக்கிறது. 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. அவர் 1998இல் இறந்துவிட்டார். இந்த வழியில் பணம் வருவதும் உண்டு, ஆனால் எழுதியவர் இருக்கும்போதே வர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

இன்று முதலீடு குறைந்திருக்கிறது. கேட்கும்போது அச்சிடும் முறையில் ஐம்பது படிகள்கூடப் போடலாம். முன்பதிவுத் தொகையிலேயே அச்சுக்கூலியைக் கொடுத்துவிடலாம். எஸ். ராமகிருஷ்ணன் தம் நூல்களுக்கென்றே தேசாந்திரி பதிப்பகத்தைத் தொடங்கினார். ஆனால் அவருக்கு முன்பே வாசகர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு, முதல் புத்தகத்தோடு பதிப்பகமும் தொடங்குகிறவர்கள் பலர். எழுத்தாளரே மெய்ப்புப் பார்ப்பவர், பொட்டலம் கட்டுபவர், கடைக்காரரிடம் பாக்கி கேட்பவர் என்று ஆகிவிட்டால் எழுதுகிற நேரம் அலுவலக வேலையில் இருந்ததைவிடக் குறைந்துபோகும்.

தரத்தைக் காக்கும் வழி என்று இதைக் கருதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில நூறு வாசகர்கள் என்பதும் ஒரு சந்தைதான். யாரைப் பாராட்டினால் யார் மதிப்புரை எழுதுவார், எந்தப் பெயரை மேற்கோள் காட்டினால் எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும் என்ற கணக்கு அங்கேயும் ஓடுகிறது. வெகுசன எழுத்தாளர் எளிமைக்கு வளைவதைப் போலவே சிற்றிதழ் எழுத்தாளர் இறுக்கத்துக்கு வளைகிறார். இரண்டாவது வளைவுக்குப் பணம் கிடைக்காததால் அது வளைவு என்றே தெரிவதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சம்பளம் | தொடர் | திரை | சொந்தப் பதிப்பு |
|---|---|---|---|---|
| கத்திரி | தன்னிடம். அரசு ஊழியருக்கு விதி உண்டு | ஆசிரியரிடம். செயலியில் வாசகரிடம் | இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் எல்லோரிடமும் | தன்னிடம் |
| எழுதாமல் இருக்கும் உரிமை | முழுமையாக உண்டு | இல்லை | படங்களுக்கு நடுவில் மட்டும் | உண்டு. சந்தா வாங்கியிருந்தால் இல்லை |
| பணம் வரும் வேளை | மாதம் தோறும் | வெளியானபின் | அட்வான்ஸ் உறுதி, மிச்சம் ஐயம் | மிகத் தாமதம் |
| நடையில் படிவது | சிறு வடிவம், துண்டுபடுதல் | திடுக்கிடும் முடிவு, சம நீளம் | ஓயாத உரையாடல் | குழுவின் மொழி |
| உரிமை | எழுதியவரிடம் | பெரும்பாலும் எழுதியவரிடம் | எழுதிக் கொடுத்த அளவுக்குப் போய்விடும் | எழுதியவரிடம் |

## யாருக்கு எது

சிறுகதை எழுதும் ஆசிரியைக்கு முதல் வழியே ஏற்றது. ஆனால் மாலை நேரம் அவருக்குக் கிடையாது என்பதை வைத்தே திட்டமிட வேண்டும்: கோடை விடுமுறையைக் கதைகளின் முதல் வரைவுக்கும், பள்ளி நாள்களின் துண்டு நேரங்களைத் திருத்தத்துக்கும் ஒதுக்கிக்கொண்டால் ஆண்டுக்கு நான்கு கதைகள் தேறும். மூன்று ஆண்டுகளில் ஒரு தொகுப்பு. அதை நிறுவப்பட்ட பதிப்பகம் ஒன்றிடம் கொடுப்பது நல்லது. பொட்டலம் கட்டும் வேலை அவருக்கு வேண்டாம்.

மென்பொருள்காரர் வேலையை விடலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் இன்றே அல்ல. பெரிய நாவலுக்குத் தொடர்ச்சியான மாதங்கள் தேவை, அது சம்பளத்தோடு ஒத்துப்போகாது என்பதை மேலே ஒப்புக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு மாதச் செலவைச் சேர்த்துக்கொண்டு, திரும்பிப் போகக்கூடிய வயதிலும் துறையிலும் இருக்கும்போதே விடுப்போ விலகலோ எடுப்பது அறிவுடைமை. இன்னொரு நிபந்தனையும் உண்டு: நாவலின் முதல் நூறு பக்கங்கள் வேலையில் இருக்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை எழுத முடியாதவருக்கு நேரம் கிடைத்தாலும் நாவல் கிடைக்காது. வேலைதான் தடை என்று சொல்லிக்கொள்ளும் வசதியும் போய்விடும்.

தொடரை இந்த மூவரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. விறுவிறுப்பான கதை சொல்வதில் இயல்பாகவே மகிழ்ச்சி காண்கிறவர்களுக்கு அது உரியது. அவர்கள் அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. அந்த மகிழ்ச்சி இல்லாதவர் பணத்துக்காகத் தொடர் எழுதினால் அது வாசகருக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

கதை விவாதத்துக்கு அழைப்பு வந்தவரிடம் நான் முதலில் கேட்டது, அவர் நாவல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான். பாதி முடிந்திருக்கிறது என்றார். அந்த அறைக்குள் அந்த நாவலைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம், வேறு கதை கைவசம் இருந்தால் அதை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், அதையும் சங்கத்தில் பதிந்துவிட்டுப் போங்கள் என்றேன். அட்வான்ஸ் தொகையை மட்டுமே முழு ஊதியமாக எண்ணிக்கொள்ளவும், அது எத்தனை மாத வாடகைக்கு வருமோ அத்தனை மாதங்கள் மட்டும் அங்கே இருக்கவும் சொன்னேன். ஐந்து மாதங்களுக்கு வரும் என்று கணக்கிட்டுச் சொன்னார். ஆறாவது மாதம் படப்பிடிப்பு தொடங்கினால் என்ன செய்வது என்று கேட்டார். அப்போது புதிய ஒப்பந்தத்தைக் கேளுங்கள், அதில் ஆண்டும் நிலப்பரப்பும் தொகையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.